மாப்பிள்ளைக்கு முன்னூறு துடிப்பு

அந்த ஆய்வுக்கூடத்தில் எதுவும் நேரத்துக்கு நடந்ததாகச் சரித்திரம் இல்லை. லிஃப்ட் தனக்குத் தோன்றும்போது வரும். கேட்ட அளவில் கையுறை வராது. புரொபசர் பத்து மணிக் கூட்டத்துக்குப் பதினொன்றுக்கு வந்து, "எல்லாரும் ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்பார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு எலியின் இதயம் மட்டும் நிமிஷத்துக்கு மிகச் சரியாக முன்னூறு தடவை துடித்தது. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. எங்கேயோ இடிக்கிறதே என்று ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் நிறையப் படித்தவர்கள்.

நம் கதாநாயகியை அங்கே 'ஊசி' என்று கூப்பிடுவார்கள். மயங்கிக் கிடக்கும் எலியின் காலில் தலைமுடி மாதிரி மெல்லிய ஊசிகளைக் குத்தி, அவற்றில் கம்பியை மாட்டி, எறும்பு கடித்த அளவுக்கு மின்சாரம் விட்டு, அதனால் இதயமும் நரம்பும் என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. அதற்கு டாக்டர் பட்டம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எப்போது தருவார்கள் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஆரம்பித்த ஆராய்ச்சி. கல்யாணம் ஆயிற்று, கணவனுக்கு வெளியூருக்கு மாற்றல் ஆயிற்று, துணைக்கு மாமியார் வந்து தங்கியாயிற்று, ஆராய்ச்சி மட்டும் அசையாமல் கிடந்தது. விசேஷ வீடுகளில் உறவுக்காரர்கள், "இன்னுமா படிக்கிறே?" என்று கேட்கிற கேள்விக்குப் பயந்தே அவள் பந்தியில் கடைசி வரிசையில் உட்காருவாள்.

அவள் தலையெழுத்தை மாற்றியது ஒரு ஒழுகுகிற குழாய்.

முதலில் இரண்டு ஊசிகளையும் எலியின் ஒரே பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில்தான் குத்திக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் விட்டால் இதயம் கொஞ்சம் குறையும், கொஞ்சம் கூடும், சில நாள் கண்டுகொள்ளவே கொள்ளாது. பட்டம் வாங்குகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒருநாள் சுவரோரக் குழாய் ஒழுக ஆரம்பித்ததால் மின்சாரப் பெட்டியை மேஜையின் அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். ஒரு கம்பி பின்னங்காலுக்கு எட்டவில்லை. எட்டிய இடம் முன்னங்கால். புரொபசர் பழைய அக்குபங்சர் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர் ஆகையால், "முன்னங்கால் மணிக்கட்டுலயும் இதயத்துக்கான புள்ளி இருக்கும்மா. குத்து!" என்றார். குத்தினாள். ஒரு ஊசி முன்னே, ஒரு ஊசி பின்னே. பெட்டியைப் போட்டதும் முந்நூற்றெழுபதில் படபடத்துக்கொண்டிருந்த இதயம், திரையில் முன்னூறுக்கு இறங்கி அப்படியே நின்றது. கழுத்து நரம்பில் மாட்டியிருந்த கம்பியும் ஒலிபெருக்கியில் அதே தாளத்துக்கு டக் டக் டக் என்று ஒத்து ஊதியது.

புரொபசருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "இதயமும் நரம்பும் ஒரே தாளத்துல பேசுதும்மா! கேட்டியா? பேசுது!" என்று கையைத் தட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார்.

அன்றோடு அந்த மேஜை மேஜையாக இருக்கவில்லை, மணமேடை ஆகிவிட்டது. பெட்டி இருந்த இடம், விளக்கு இருந்த இடம், நாற்காலியின் நாலு கால்கள் என்று எல்லாவற்றையும் சுற்றி நீல டேப் ஒட்டினார்கள். எதுவும் ஒரு விரல்கடை நகரக் கூடாது. துடைப்பம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அன்றைக்குப் புரொபசர் மாட்டியிருந்த மெரூன் ஸ்வெட்டரை அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவுக்கும், வேர்த்து ஊற்றினாலும், மாட்டிக்கொண்டு வந்தார். மேடையில் படுக்கும் எலி எதுவானாலும் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. வெதுவெதுப்பான மெத்தை, மேலே நீலத் துணிப் போர்வை, சுற்றி நாலு பேர் உபசாரம், இதைவிட ஒரு மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும்?

எலி இல்லாமல் அந்த மேடையை ஒருதடவை ஓட்டிப் பார்த்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வேலை இல்லாதபோது கருவிகளை அணைத்து வைக்கவும் என்று சுவரில் எழுதியே போட்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் எல்லாரும் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான்.

இப்போது வெளியிலிருந்து மூன்று நிபுணர்கள் வருகிறார்கள். நேரில் பார்த்து அவர்கள் தலையாட்டிவிட்டால் ஊசிக்குப் பட்டம் நிச்சயம், கூடவே அங்கேயே வேலை. ஆட்டாவிட்டால் பந்தியில் கடைசி வரிசை நிரந்தரம். அவளுக்குச் சோறு இறங்காமல் ஒரு வாரம் ஆகியிருந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தைய நாள், நாளைக்கு உடுத்த நல்ல புடவையைத் தேய்த்து வைக்கலாம் என்று சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. மாமியார் சோபாவில் சம்மணம் போட்டு, சீரியலில் அழுகிறவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அலமாரியைத் திறக்கப் படுக்கையறைக்குப் போன ஊசி, கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மாமியாரின் உருளைத் தலையணை கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. அதன் இடுப்பில் கைக்கடிகாரம்.

அது சாதாரணக் கடிகாரம் இல்லை. அடியில் பச்சை விளக்கு மின்னும், நாடித்துடிப்பை எண்ணும், எண்ணியதை வெளியூரில் இருக்கும் மகனின் கைபேசிக்கு அனுப்பும். மாமியாருக்கு இதயம் அவ்வப்போது படபடக்கிற வியாதி உண்டு என்பதால் மகன் வாங்கிக் கொடுத்தது.

"அத்தை! இது என்ன?"

"தலகாணி," என்றது கூடத்திலிருந்து குரல்.

"தலகாணின்னு தெரியுது. அது ஏன் வாட்ச் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கு?"

விளம்பரம் வந்துவிட்டதால் மாமியார் எழுந்து வந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகத்தில் இருக்க வேண்டிய எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"என் கையில கட்டினா நூறுங்குது, நூத்திப்பத்துங்குது. அடுத்த நிமிஷம் உன் புருஷன் போன்ல வந்துடறான். அம்மா படு, அம்மா உட்காரு, அம்மா மூச்சை இழு, அம்மா மூச்சை விடுன்னு பிராணனை வாங்கறான். நிம்மதியா ஒரு சீரியல் பார்க்க முடியலை. தலகாணிக்குக் கட்டினா எழுபத்திரண்டு. அவன் அங்க சந்தோஷமா இருக்கான், நான் இங்க சந்தோஷமா இருக்கேன். உனக்கு என்ன வந்துச்சு?"

ஊசி குனிந்து பார்த்தாள். பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டு. ஒரு தலையணைக்கு இருக்கக்கூடிய மிக ஆரோக்கியமான நாடி.

"தலகாணிக்கு ஏது அத்தை நாடி? எப்படி எழுபத்திரண்டு காட்டும்?"

"அதை என்கிட்ட கேட்டா? நீதானே எலிக்கெல்லாம் நாடி பார்க்கிறவ. அது ஒரு கூறுகெட்ட சாமான். எண்ணுன்னு சொல்லி வச்சிருக்காங்க, எண்ணுது. முன்னால இருக்கிறது மனுஷியா மெத்தையான்னு அதுக்கு என்ன தெரியும்? தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து எண்ணிக்குதோ என்னவோ!"

"சரி, மாத்திரை போட்டீங்களா?"

"ம்ம்," என்றார் மாமியார். விளம்பரம் முடிந்துவிட்டது. "உன் ஊசி மட்டும் வரட்டும், அந்த மாத்திரையைத் தலையைச் சுத்தி வீசிடறேன். போன்ல எல்லாரும் அனுப்பற அந்த வீடியோவுல, படபடப்பை அடக்குற ஊசின்னு உங்க புரொபசர் எப்படிப் பேசறாரு! எலிக்கே அடங்குதுன்னா எனக்கு அடங்காதா?"

ஊசி காப்பியைக் கலந்துகொண்டு சமையலறை மேடையோரம் நின்றாள். ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய்க்குத் தம்ளரை உயர்த்தியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து எண்ணிக்குதோ? மின்சாரப் பெட்டியின் குமிழ் எப்போதும் ஐந்தில் இருக்கும். வினாடிக்கு ஐந்து தட்டு. நிமிஷத்துக்கு அறுபது வினாடி. ஐந்தை அறுபதால் பெருக்கினால்?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட விரலை மடக்காமல் சொல்லிவிடும். ஒரு துறை முழுக்க இத்தனை காலமாகப் பெருக்கிப் பார்க்கவில்லை. அவளும்தான். காப்பியில் ஆடை கட்டியது, புடவை தேய்க்காமலே கிடந்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். மாப்பிள்ளை கூண்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஈரமான, உப்புத் தண்ணீர் கொஞ்சம் ஏறக்கூடிய, எலி நீளத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று சுற்றிமுற்றிப் பார்த்தவள், கடைசியில் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து வெள்ளரிக்காயை எடுத்தாள்.

ஒரு ஊசியை அதன் காம்புப் பக்கம் குத்தினாள், இன்னொன்றை வால் பக்கம். நடுவில், மார்பு என்று வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில், இதயத்துக்கான கம்பிகள். காம்புக்குப் பக்கத்தில் நரம்புக்கான கம்பி. பெட்டியைப் போட்டாள்.

முன்னூறு.

ஒலிபெருக்கி டக் டக் டக் என்றது. வெள்ளரிக்காயின் இதயமும் நரம்பும் ஒரே தாளத்தில் பேசிக்கொண்டன.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்து சேர்ந்துகொண்டது. எத்தனை மாப்பிள்ளைகள், எத்தனை பதிவுகள், எத்தனை வருஷம்! தான் விட்ட மின்சாரத்தைத் தானே திரும்பப் பிடித்து, அதற்கு இதயம் என்று பெயர் வைத்துக் கொஞ்சியிருக்கிறாள். கம்பி முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் போனதால் மின்சாரம் மார்புக்குள் புகுந்து போயிருக்கிறது. அந்தப் பெரிய தட்டுக்கு முன்னால் எலியின் சொந்தத் துடிப்பு சந்தைக்கடையில் பேசிய ரகசியம் மாதிரி அமுங்கிவிட்டது. கணினி பெரிதாக எது வந்தாலும் எண்ணும். எண்ணியிருக்கிறது.

கதவு திறந்தது. வந்தவர் எலிகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவர். அவரை எல்லாரும் 'மயக்கம்' என்பார்கள். வேலையினால் வந்த பெயரா, எந்நேரமும் பாதி மூடியிருக்கும் கண்ணால் வந்த பெயரா என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. அவர் திரையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஊசி மேடம், இதுக்கும் நான் மருந்து கொடுக்கணுமா?"

"அண்ணே, இங்க வாங்க. இந்தப் பக்கத்து ஊசியை எடுத்து அந்த ஊசிக்குப் பக்கத்துலயே குத்துங்க. பழையபடி."

நீல டேப்பைத் தாண்டிக் கை நீட்ட அவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் குத்தினார். இரண்டு ஊசியும் வால் ஓரத்தில் ஒட்டி நின்றதும் வெள்ளரிக்காயின் இதயம் நின்றது. ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். முன்னூறு.

மயக்கத்தின் கண்கள் அன்றைக்குத்தான் முழுசாகத் திறந்தன. "அய்யய்யோ!" என்றார்.

ஊசி புரொபசருக்குப் போன் போட்டாள்.

"சார், அவசரமா ஒண்ணு சொல்லணும்."

"நல்ல சேதின்னா இப்பச் சொல்லும்மா. கெட்ட சேதின்னா நாளைக்குச் சொல்லு. ஸ்வெட்டர்ல பட்டன் பிஞ்சிருக்கு, நான் அந்தக் கவலையில இருக்கேன்."

"சார், அந்த முன்னூறு வந்து..."

"முன்னூறு வந்துடுச்சா? பிரமாதம்! வச்சிடறேன்."

சரி, நேரில் வந்ததும் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று அவள் இருந்தபோது, அந்தக் கட்டடத்தில் இதுவரை நடக்காத ஒன்று நடந்தது. விருந்தாளிகள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். வெளி அறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தமும், புரொபசரின் உபசாரச் சிரிப்பும் கேட்டன. இரண்டு அறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர், அதற்கு இந்தப் பக்கம் மூடிய திரைச்சீலை. மயக்கம் பதறிப்போய் நீலத் துணியை எடுத்து வெள்ளரிக்காயின் மேல் போர்த்தினார். பழக்க தோஷத்தில் கழுத்து தெரிகிற மாதிரி மடித்தும் விட்டார். ஊசி பாய்ந்து போய் மூக்கு வரை மூடினாள்.

வெளி அறை ஒலிவாங்கி வழியாகப் புரொபசரின் குரல் வந்தது. "உள்ளே ஆரம்பிச்சுட்டாங்க போலிருக்கு. பாருங்க, பெரிய திரையில பாருங்க! முன்னூறு! செல்லமா மாப்பிள்ளைன்னு கூப்பிடுவோம்."

"மாப்பிள்ளை ரொம்ப அமைதியா இருக்காரே," என்றது ஒரு பெண் குரல். நிபுணர் குழுவின் தலைவி. கறாரானவர் என்று ஊரெல்லாம் பெயர். "மயக்கம் ஆழமா இருக்கா? சோதிச்சீங்களா?"

மயக்கம் ஊசியைப் பார்த்தார். ஊசி மேடையைப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல் அவர் துணிக்குள் கையை விட்டு நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினார்.

"கிள்ளிப் பார்த்தேன் மேடம். அசையவே இல்லை."

"மூச்சு?"

"அதுவும் தொந்தரவு பண்ணலை மேடம்."

"இவ்வளவு சீரான மிருகத்தை நான் பார்த்ததே இல்லை," என்றார் தலைவி. "சரி, மின்சாரத்தை நிறுத்துங்க. அது இல்லாம எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

ஊசிக்கு உயிர் திரும்பியது மாதிரி இருந்தது. அப்பாடா! பெட்டியை அணைத்தால் கோடு படுத்துவிடும். உள்ளே இதயமே இல்லை என்பது தானாக வெளிச்சத்துக்கு வந்துவிடும். அவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பெட்டியை அணைத்தாள்.

திரையில் கோடு நீட்டிப் படுத்துக்கொண்டது. ஒலிபெருக்கி ஊமையானது. வெளியே ஒருவர் "ஐயோ" என்றார். ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"செத்துப்போச்சா?" என்றார் தலைவி.

"ஏம்மா! போடு! போடும்மா! மாப்பிள்ளை போறாரு!" புரொபசர் கண்ணாடியில் கைகளை அறைந்தார்.

அந்தக் குரலில் இருந்த பதற்றத்தில் அவள் கை தானாகவே குமிழைத் திருப்பிவிட்டது.

முன்னூறு. டக் டக் டக்.

அப்புறம் புரொபசர் பேசினார். குரல் உடைந்திருந்தது. "பார்த்தீங்களா? நின்னுபோன இதயம். நின்னேபோச்சு. நம்ம ஊசி அதை எழுப்பி உட்கார வச்சிருச்சு." ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். படபடப்பை அடக்கும் வைத்தியமாக உள்ளே போன சங்கதி, அரை நிமிஷத்தில் செத்தவரை எழுப்பும் வைத்தியமாக வெளியே வந்துவிட்டது. உண்மை தானாக வெளிவரும் என்று நம்பிய ஊசிக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"எனக்கு வேற கேள்வி இல்லை," என்றார் தலைவி. "அந்தப் பெண்ணுக்குப் பட்டம் கொடுக்க நாங்க பரிந்துரை பண்றோம்."

மயக்கம் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். பேசாமல் இரு தாயே என்று அதற்கு அர்த்தம். இதோ, இத்தனை வருஷம் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான். வெள்ளரிக்காய் சாட்சி சொல்லப் போவதில்லை, சாயங்காலம் அதை நறுக்கித் தின்றுவிட்டால் தடயமும் இருக்காது. பந்தியில் முதல் வரிசை இலை ஒன்று அவள் கண் முன்னால் விரிந்தது. அவள் அதை ஆசையாகத்தான் பார்த்தாள். பொய் சொல்வானேன்.

அப்போது தலைவியின் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை கறார் இல்லை. "புரொபசர், தனிப்பட்ட முறையில ஒண்ணு கேட்கட்டுமா? என் அக்காவுக்கு இதயம் படபடன்னு அடிச்சுக்குது. மாத்திரை ஒத்துக்கலைன்னு புலம்பறா. மாத்திரையை நிறுத்திட்டு இந்த ஊசிக்குக் கூட்டிட்டு வரலாமா?"

"தாராளமா கூட்டிட்டு வாங்க! செத்த இதயத்தையே எழுப்பியாச்சு, படபடப்பு எம்மாத்திரம்?"

ஊசிக்கு, மாமியார் சீரியலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டே சொன்ன அந்த "ம்ம்" ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. வெறும் பயம்தான், வீரம் எல்லாம் இல்லை. போய்த் திரைச்சீலையை இழுத்து விலக்கினாள். மேடைக்கு வந்து நீலத் துணியை உருவினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று நிபுணர்களும் ஒரு மெரூன் ஸ்வெட்டரும் உள்ளே பார்த்தார்கள். மேடையில் ஒரு வெள்ளரிக்காய், கம்பிகள் சூழ, மெத்தை மேல், நிமிஷத்துக்கு முன்னூறு தடவை துடித்துக்கொண்டிருந்தது. கூண்டில் மாப்பிள்ளை இரண்டு காலில் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"இது..." என்றார் புரொபசர். "இது என்ன ரகம்மா?"

"வெள்ளரிக்காய் சார். என் மத்தியானச் சாப்பாடு."

"அதுக்கு இதயம்..."

"இல்லை சார். நம்ம பெட்டியோட தட்டைத்தான் நம்ம கம்பி எண்ணுது. வினாடிக்கு அஞ்சு." அவள் பெட்டியின் குமிழைக் காட்டினாள். "மாப்பிள்ளைங்களுக்கும் இதுதான் நடந்திருக்கு. சார், அஞ்சை அறுபதால பெருக்கிப் பாருங்க."

புரொபசர் உதடு அசைந்தது. அவர் பெருக்குவது எல்லாருக்கும் தெரிந்தது. விடை வந்ததும் வியர்த்துக் கொட்டியது. மெதுவாக உள்ளே வந்து ஸ்வெட்டரைக் கழற்றி மேடையோர நாற்காலியில் போட்டார். நாற்காலி நீல டேப்பைத் தாண்டி நகர்ந்ததை அவர் கவனிக்கவில்லை.

தலைவியும் உள்ளே வந்தார். ஊசிகளைத் தானே பிடுங்கி ஒரு பக்கமாகக் குத்திப் பார்த்தார். இதயம் நின்றது. பழையபடி குத்தினார். இதயம் வந்தது. மூன்று தடவை செய்தார். மூன்றாவது தடவை அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, கோபத்தில் நடுங்குகிறார் என்று மயக்கம் இரண்டடி பின்வாங்கினார். தலைவி சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கிள்ளிப் பார்த்தீங்களாமே!" என்றார் மயக்கத்தைப் பார்த்து.

"கிள்ளினது நிஜம் மேடம்," என்றார் மயக்கம்.

சிரித்து முடித்ததும் தலைவியின் முகம் பழையபடி கறார் ஆனது. பட்டம் இப்போதைக்கு இல்லை என்றார். முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊசி இரண்டும் ஒரே காலில். எலியைத் தொடுவதற்கு முன்னால் காலி மேடையில் ஒருதடவை, வெள்ளரிக்காயில் ஒருதடவை. போன எலிகளின் பதிவுகளை எல்லாம் ஓரமாக வைக்க வேண்டும். அதைக் கேட்டபோதுதான் புரொபசர் கூண்டுப் பக்கம் திரும்பினார். "பாவம்மா அந்த மாப்பிள்ளைங்க," என்றார். ஊசிக்கும் அழுகை வந்தது. அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

வெளியே போகும்போது தலைவி வாசலில் நின்று கைபேசியை எடுத்தார். "அக்கா, ஒழுங்கா மாத்திரையைப் போடு. ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஏன்னு வீட்டுக்கு வந்து சொல்றேன், நீ நம்பமாட்டே," என்று சொல்வது உள்ளே வரை கேட்டது.

சாயங்காலம் ஊசி வீட்டுக்குள் நுழைந்தபோது சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் ஆசையாகத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர் ஆயிட்டியா?"

"இல்லை அத்தை. எல்லாம் தப்பு. திரும்ப முதல்லேருந்து." செருப்பைக் கழற்றாமலே அவர் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். எலி, குழாய், கம்பி, வெள்ளரிக்காய், கிள்ளு. மாமியார் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தார். அழுகிறவளை நடுவிலேயே விட்டுவிட்டு அவர் அணைத்ததை ஊசி அதுவரை பார்த்ததில்லை.

"அப்ப உன் எலிக்கு அடங்கவே இல்லையா?"

"எலிக்கு என்ன ஆச்சுன்னே தெரியாது அத்தை. நாங்க எலியைப் பார்க்கவே இல்லை."

மாமியார் சோபா மெத்தைக்கு அடியில் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒரு வாரத்து மாத்திரை அப்படியே இருந்தது.

"உன் ஊசி வந்துடப்போகுதேன்னு நிறுத்திட்டேன்," என்றார் மெதுவாக. "திட்டாதே."

ஊசி திட்டவில்லை. பயத்தில் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உடனே மருத்துவருக்குப் போன் போட்டாள். தலைசுற்றல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட மருத்துவர், ஒரு மாத்திரையை இப்போதே போடச் சொன்னார், காலையில் நேரில் கூட்டி வரச் சொன்னார், நிறுத்தியவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவள் திட்டாமல் விட்டதையும் சேர்த்துத் திட்டினார். மாமியார் மாத்திரையை விழுங்கி, ஊசி பார்க்க வாயையும் திறந்து காட்டினார்.

ஊசி படுக்கையறைக்குப் போனாள். தலையணையின் இடுப்பிலிருந்து கடிகாரத்தை அவிழ்த்தாள். கொண்டுவந்து மாமியாரின் மணிக்கட்டில், விரல் நுழையாத அளவுக்கு இறுக்கிக் கட்டினாள்.

"அந்த வெள்ளரிக்காயை என்ன பண்ணினே?" என்றார் மாமியார்.

"ஊசி படாத நடுத்துண்டை மாப்பிள்ளைக்குக் கொடுத்துட்டோம். உட்கார்ந்து மொத்தத்தையும் தின்னுடுச்சு."

பச்சை விளக்கு மின்னியது. எண் ஏறியது. நூற்று எட்டு. மேஜை மேலிருந்த கைபேசி உடனே அலறியது. ஊசி எடுத்தாள். அந்தப் பக்கம் அவள் கணவன் நடுங்கிப்போயிருந்தான்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு? ஒரு மாசமா எழுபத்திரண்டுல அவ்வளவு நல்லா இருந்தாங்களே!"

"ஒரு மாசமா நல்லா இருந்தது தலகாணிங்க," என்றாள் ஊசி. "அம்மாவை இப்பத்தான் பார்க்க ஆரம்பிச்சிருக்கோம். நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம், நீங்க லீவு சொல்லிட்டுக் கிளம்பி வாங்க."